ஓட்டில்லாத அரசியல் டீச்சர்

ஒரு மசோதா எப்படிப் பிறந்து எப்படிச் சாகிறது என்ற பாடத்தை ஓடெட் ஸ்டான்னர்ட் நடத்துகிற நாளில் பக்கத்து வகுப்பில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். சுவரைத் தாண்டி வருகிற சத்தம் அப்படி. மசோதாவாக நடிப்பவள் அவளேதான். கதவருகில் பிறப்பாள். குழுவுக்குக் குழு முட்டி போட்டுத் தவழ்ந்து போவாள். ஒரு பையன் அவள் முதுகில் 'திருத்தம்' என்று எழுதிய தாளை ஒட்டுவான். இன்னொரு பெண் அதைக் கிழிப்பாள். கடைசியில் செனட்டில் யாரோ ஒருவர் உட்காரவே மாட்டேன் என்று நின்று பேசிக்கொண்டேயிருக்க, ஓடெட் தன் மேசைமேல் மல்லாந்து விழுந்து கண்ணை மூடுவாள்.

"செத்துட்டேன்," என்பாள் கண்ணைத் திறக்காமல். "என்னை யாரு கொன்னாங்க? நாளைக்கு ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க."

வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே, மாடுகளும் மேப்பிள் மரங்களும் மனிதர்களை விட அதிகமாக இருக்கிற வடக்கு ஆல்டர் என்ற ஊரில் அவள் அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் என்ற பாடத்தைப் பல வருடங்களாக நடத்திவந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கட்டாயப் பாடம். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தைப் பற்றி இவளிடம்தான் கற்றிருந்தார்கள். பெட்ரோல் பங்கில், முடி வெட்டுகிற இடத்தில், தேவாலய வாசலில் எங்கே அரசியல் சண்டை வந்தாலும் யாராவது ஒருவர், "ஸ்டான்னர்ட் மிஸ் அப்படிச் சொல்லிக் குடுக்கலையே," என்பார்கள். சண்டை அதோடு நிற்கும், அல்லது வேறு திசையில் பெருக்கும்.

அவள் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கடற்கரையில். அப்பாவுக்கு சிங்கி இறால் படகு. படிக்க வந்த இடத்தில் ஒரு ஜனவரியில் அவள் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஊரின் பனி தள்ளும் லாரியோடு வந்து அதை வெளியே இழுத்தவன் மெரில் ஸ்டான்னர்ட். சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, "இந்த டயரோட நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு," என்றான். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருடம் கல்யாணம். மெரில் இப்போது ஊரின் சாலைப் பணிக்கு மேஸ்திரி. ஓடெட் அப்படியே தங்கிவிட்டாள். தங்கினாளே தவிர, அமெரிக்கப் பிரஜை ஆகவில்லை.

இது ரகசியம் ஒன்றும் இல்லை; யாரும் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. நிரந்தரவாசிக்கான கிரீன் கார்டு பர்ஸில் இருந்தது. பிரஜை ஆவதற்குத் தடை எதுவும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். அதிகாரி ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஓடெட்டுக்குத் தேர்வு என்றால் குலை நடுங்கும். கார் ஓட்டும் தேர்வில் எத்தனை முறை தோற்றாள் என்பதை மெரில் மட்டும்தான் அறிவான். அவனும் சபையில் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு வாரா வாரம் திடீர்த் தேர்வு வைக்கிற கை, தனக்கு என்று வரும்போது பேனாவைப் பிடிக்காது. அதனால் 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்று தள்ளித் தள்ளி, தலையில் நரை வந்துவிட்டது.

ஒரு செப்டம்பர் மாதம்தான் இது வெளியே வந்தது.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளை வாக்காளராகப் பதிந்துவிடுவது அவள் வழக்கம். வெர்மான்டில் புதிய வாக்காளர் ஒரு சபதம் எடுக்க வேண்டும்: யாருக்கும் அஞ்சாமல், யாருக்கும் தயவு பார்க்காமல், மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவேன் என்று. வேறு ஆசிரியர்கள் என்றால் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஓடெட் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, கையைத் தூக்கி, உரக்கச் சொல்ல வைப்பாள். முடிந்ததும் மற்றவர்கள் மேசையைத் தட்ட வேண்டும்.

அன்று முதலில் எழுந்தவள் டார்ஸி பாமராய். பால்பண்ணைக்காரர் மகள், விடிவதற்குள் மாடு கறந்துவிட்டு வருகிறவள், எதையும் பாதியில் விடமாட்டாள். சபதத்தைத் தெளிவாகச் சொல்லி முடித்தாள். மேசைகள் அதிர்ந்தன. உட்காரப் போனவள் நின்றாள்.

"மிஸ், நீங்க இதை எப்போ சொன்னீங்க? உங்களுக்கும் பதினெட்டு வயசுலயா?"

ஓடெட் நினைத்திருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். சபதத் தாள் கையில் இருந்தது. பொய் சொல்ல வரவில்லை.

"நான் சொன்னதில்ல, டார்ஸி. நான் இந்த நாட்டுப் பிரஜை இல்ல. எனக்கு ஓட்டு கிடையாது."

வகுப்பு ஒரு நொடி வாயைப் பிளந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். கடைசி வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கோல்பி ரக், வகுப்பின் விதூஷகன், இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"அப்போ நீச்சல் தெரியாதவங்க நீச்சல் சொல்லிக் குடுக்கிற கதையா, மிஸ்?"

"கரையில நிக்கிறவளுக்குத்தான்டா யாரு முங்குறான்னு தெரியும்."

"எங்க அண்ணனுக்கு நீங்க பாடம் நடத்தினீங்க. எங்க அம்மாவுக்கும் நீங்கதான்."

"உங்கம்மா நல்லா எழுதுவா. நீ யாரை மாதிரின்னுதான் தெரியல."

டார்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "ஏன் ஆகல, மிஸ்? பிடிக்கலையா?"

"பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்." ஓடெட் தாளை மடித்தாள், விரித்தாள். "டெஸ்ட் வைப்பாங்க. எனக்கு டெஸ்ட்னா பயம்."

இதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. கோல்பி நாற்காலியிலிருந்து தரைக்கு வழுக்கி, அங்கேயே படுத்துச் சிரித்தான். போன வெள்ளிக்கிழமைத் திடீர்த் தேர்வில் பத்துக்கு மூன்று வாங்கியவன் அவன்.

அன்று மாலையே ஓடெட் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அனுப்பாமல் இருக்க வழியில்லை. டார்ஸி பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல், அவள் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "மாடு காத்துக்கிட்டிருக்கு, மிஸ். சீக்கிரம் அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் மெரில் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டான். "இருபது வருஷமா நான் சொல்லாததை ஒரு பொண்ணு உட்கார்ந்தே சாதிச்சிட்டாளா?"

"நீ ஏன் சொல்லல?"

"நீ கார் டெஸ்ட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் நான்தானே கூட வந்தேன். எனக்குத் தெம்பு இல்ல."

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. அதிகாரி கேட்கப்போகிற நூற்றுச் சொச்சம் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகள் அதை அச்செடுத்துப் பள்ளி முழுக்கப் பரப்பிவிட்டார்கள். ஓடெட்டைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது சட்டமானது. நடைபாதையில் பூட்டுப் பெட்டியைத் திறந்தபடி ஒருவன், "செனட்டர் பதவிக்காலம் எவ்வளவு?" என்பான். கழிப்பறைக் கதவுக்கு அடியிலிருந்து, "மிஸ்தானே அது? ஷூ தெரியுது. ஜனாதிபதி செத்துட்டா யாரு வருவாங்க?" என்று ஒரு குரல் வரும். உணவுக்கூடத்தில் பரிமாறுகிற பெவர்லி, தட்டில் உருளைக்கிழங்கு வறுவலைக் கரண்டியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அரசாங்கத்தோட மூணு கிளை எது எதுன்னு சொன்னாத்தான் இது கீழ இறங்கும்," என்பாள்.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. ஓடெட்டுக்குப் பதில் தெரியாமல் இல்லை. அளவுக்கு மேல் தெரிந்திருந்தது.

"சட்டம் செய்யறது யாரு, மிஸ்?"

"காங்கிரஸ். ஆனா பாரு, ஜனாதிபதி போடற உத்தரவு இருக்கே, அதுவும் ஒரு வகையில—"

"காங்கிரஸ்னு சொன்னாப் போதும்."

"போதாது கோல்பி, ஏன்னா கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னா அது—"

"அதிகாரி தூங்கிடுவாரு, மிஸ்."

மறுநாள் டார்ஸி தன் பண்ணையிலிருந்து ஒரு மாட்டு மணியைக் கொண்டுவந்தாள். பித்தளை, கழுத்துப் பட்டையோடு, மாட்டு வாசனையோடு. டீச்சர் 'ஆனா' என்று சொன்னால் மணி அடிக்கப்படும் என்று வகுப்பு வாக்கெடுத்து முடிவு செய்தது. எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு: கோல்பி. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு நீளமான பதில்தான் பிடிக்கும். டெஸ்ட் வைக்க நேரம் இருக்காது," என்றான்.

முதல் வாரம் மணி ஓயவில்லை. ஓடெட் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டி, 'ஆனா'வை விழுங்கப் பழகினாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், "நாட்டோட உச்ச சட்டம் எது?" என்று டார்ஸி கேட்க, "அரசியல் சட்டம்," என்று சொல்லி உதட்டை இறுக்கினாள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவள் எதுவும் சேர்க்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓடெட் திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நேர்காணல் ஜனவரியில் வந்தது. அன்று நல்ல பனி. மெரில் ஊர் லாரியை உதவியாளிடம் கொடுத்துவிட்டுத் தன் காரில் அவளை அழைத்துப் போனான். அலுவலக வாசலில் இறங்கும்போது, "மெரில், என் பேரு என்ன?" என்றாள்.

"ஓடெட்."

"முழுப் பேரு."

"அதை அவங்க கேக்கறப்போ சொல்லிக்கலாம். உள்ள போ."

அதிகாரி திருமதி டெல்காடோ, வட்டக் கண்ணாடி போட்ட, மெல்லிய குரல்காரர். உண்மை பேசுவதாக உறுதிமொழி வாங்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஸ்கூல் டீச்சர்."

"என்ன பாடம்?"

"அமெரிக்க அரசாங்கம்."

திருமதி டெல்காடோ கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். முதல் கேள்வி: அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களுக்கு என்ன பெயர்? உரிமைச் சாசனம். நிறுத்தினாள். அடுத்தது, நீதித்துறையின் வேலை என்ன? சொன்னாள், நிறுத்தினாள். காதுக்குள் எங்கேயோ மணி அடிக்கக் காத்திருப்பதுபோல் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்: பயம் வரவே இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்று நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு எழுந்தது.

"அமெரிக்காவின் தலைநகரம் எது?"

"ஒட்டாவா," என்றாள் ஓடெட், தெளிவாக, ஒற்றைச் சொல்லில், முகத்தில் புன்னகையோடு.

பேனா நின்றது.

ஒட்டாவா கனடாவின் தலைநகரம். ஐந்து வயதில் அப்பாவின் படகில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது, எங்கிருந்தோ துள்ளி வந்து மேசைமேல் விழுந்துவிட்டது. ஓடெட் தான் சொன்னதைத் தானே கேட்டாள். கண்கள் விரிந்தன. முதலில் தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். பிறகு தோள் குலுங்கியது. அடக்க அடக்க அது பெரிதாகி, அவள் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தாள். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி குனிந்தாள். திருமதி டெல்காடோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் துடித்தது.

"இருபது வருஷமா பாடம் நடத்தறீங்கன்னு இதுல இருக்கு," என்றார் கோப்பைப் பார்த்து.

"ஆமா."

"பிள்ளைங்களுக்கு எந்த ஊரைச் சொல்லிக் குடுத்தீங்க?"

"வாஷிங்டன்," என்றாள் ஓடெட் விக்கிக்கொண்டே. "சத்தியமா வாஷிங்டன்தான்."

"அதை எழுத முடியாது. முதல் பதில்தான் கணக்கு." ஒரு கோடு போட்டார். "அடுத்த கேள்விக்குப் போகலாமா, இல்ல தண்ணி குடிக்கறீங்களா?"

மீதிக் கேள்விகளை அவள் சிரிப்போடே சொல்லி முடித்தாள், ஒன்றும் தவறவில்லை. தேறிவிட்டாள். வெளியே வந்தபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காரில் காத்திருந்த மெரில் அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். கார் ஓட்டும் தேர்வு நாட்களில் இப்படித்தான் திறந்துவிடுவான்.

"பரவால்ல," என்றான். "இன்னொரு தடவை எழுதலாம்."

"பாஸ், மெரில்."

"பின்ன ஏன் அழறே?"

"ஒட்டாவா," என்று சொல்லி அவன் தோளில் சாய்ந்துவிட்டாள். முழுக்கதையையும் கேட்டு முடிக்க அவனுக்குப் பத்து மைல் ஆனது. பதினோராவது மைலில் காரை ஓரம் கட்டினான். சிரிப்பில் சாலை தெரியவில்லை என்றான். வெர்மான்டின் அந்தப் பகுதியில் மெரில் ஸ்டான்னர்ட் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

வகுப்பில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரவு யோசித்தவள், மறுநாள் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட்டாள். அதன் பலனை வருடம் முடிகிற வரை அனுபவித்தாள். எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் பிள்ளைகள் 'ஒட்டாவா' என்று எழுதினார்கள். கோல்பி ஒரு தேர்வுத்தாள் முழுக்க அதையே எழுதி, அடியில், 'டீச்சர் பாஸ் ஆனாங்க, நானும் ஆவேன்,' என்று குறித்திருந்தான். அவள் பூஜ்யம் போட்டு, அதற்குள் ஒரு சிரிக்கிற முகம் வரைந்து கொடுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் பிரமாணம். நீதிமன்ற மண்டபத்தில் பல நாட்டுக்காரர்கள் நல்ல உடையில் நின்றார்கள். ஓடெட்டுக்கு இடப் பக்கம் போஸ்னியாவிலிருந்து வந்த ரொட்டிக் கடைக்காரர் ஒருவர்; விரலிடுக்கில் இன்னும் மாவு. வலப் பக்கம் ஒரு நேபாளிக் குடும்பம்; தாய், தந்தை, பட்டுத் தொப்பி வைத்த தாத்தா. ரொட்டிக் கடைக்காரர் தன் டையை இழுத்துவிட்டுக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தார்.

"கை எது தூக்கணும்? வலதா இடதா?"

"வலது."

"நீங்க இதெல்லாம் படிச்சவங்களா?"

"கொஞ்சம்," என்றாள்.

பின் வரிசைகளில் மஞ்சள் பள்ளிப் பேருந்தில் வந்த அவள் வகுப்பு முழுவதும். அனுமதி கொடுத்த தலைமையாசிரியர், சத்தம் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தார். நீதிபதி சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வேறெந்த அரசருக்கும் அரசுக்குமான விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்கிற இடம் வந்தபோது ஓடெட்டின் குரல் ஒருமுறை தடுக்கியது. அப்பா நினைவு வந்தது; படகின் பின்னால் கத்துகிற கடல் காகங்கள் நினைவு வந்தன. அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்: 'இதுக்கு ஏம்மா இவ்வளவு நாள்?' மீதியைச் சொன்னாள்.

"வாழ்த்துகள், குடிமக்களே," என்று நீதிபதி முடித்த நொடியில் பின் வரிசை வெடித்தது. கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் கடைசி நொடிப் பந்து வளையத்தில் விழுந்தால் எப்படி, அப்படி. மாட்டு மணியும் அடித்தது. டார்ஸி அதைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். காவலர் ஒருவர் அந்தப் பக்கம் நடந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இந்த மண்டபத்துல இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல," என்றார். "மத்தவங்களுக்கும் சேர்த்து இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். நேபாளத் தாத்தா தொப்பியைக் கழற்றி அந்தப் பிள்ளைகளை நோக்கி ஆட்டினார். மறுநாளே ஓடெட் மெரிலோடு ஊர் அலுவலகத்துக்குப் போய், பிள்ளைகளைச் சொல்ல வைத்த அதே வாக்காளர் சபதத்தைக் கையைத் தூக்கி உரக்கச் சொல்லிப் பதிந்துகொண்டாள்.

மார்ச் முதல் செவ்வாய் வெர்மான்டில் ஊர்க்கூட்ட நாள். அன்று ஊர் முழுவதும் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, சாலைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று கையைத் தூக்கித் தாங்களே முடிவு செய்வார்கள். ஓட்டில்லாதவர்களுக்குச் சுவரோரம் தனி பெஞ்சு. ஓடெட் ஒவ்வொரு வருடமும் வகுப்பை அழைத்துக்கொண்டு வந்து, பத்திரிகைக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவே அந்த பெஞ்சில்தான் உட்காருவாள்; பிள்ளைகளுக்குத் துணையாக என்றே ஊர் நினைத்திருந்தது. இந்த வருடமும் கால்கள் பழக்கத்தில் அங்கேயே போய்விட்டன. இன்னும் பதினெட்டு ஆகாத கோல்பி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான்.

"மன்னிக்கணும், மேடம். இது குடிமக்கள் உட்கார்ற இடம் இல்ல," என்றான்.

அவள் நடு வரிசைக்குப் போய் மெரில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி மற்ற நாற்காலிகள் போல்தான் இருந்தது. அவளால்தான் அதில் அசையாமல் இருக்க முடியவில்லை. முதல் தீர்மானம் போன வருட அறிக்கையை ஏற்பது. யாரும் கவனிக்காத சமாச்சாரம். "ஏற்பவர்கள்?" என்று அவைத் தலைவர் கான்ஸ்டன்ஸ் ப்ளாட் கேட்டதும் ஓடெட் "ஆம்" என்று கத்திய கத்தலில் முன் வரிசைக் குழந்தை விழித்து அழுதது.

ஏழாவது தீர்மானம் புதிய பனி லாரி. சாலை மேஸ்திரி என்ற முறையில் மெரில் எழுந்து, பழைய லாரி துருப்பிடித்துவிட்டது, கியர் பெட்டி முனகுகிறது, புதியது இல்லாமல் முடியாது என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தான். "வேறு யாராவது?" என்றார் கான்ஸ்டன்ஸ்.

ஓடெட்டின் கை உயர்ந்திருந்தது. தூக்கியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஓடெட் ஸ்டான்னர்ட், மில் சாலை," என்று முறைப்படி பேரும் இடமும் சொன்னாள். "நூலகக் கூரை ஒழுகுது. அதுக்கு இந்த வருஷமும் காசு இல்லைன்னு ஆறாவது தீர்மானத்துல சொன்னீங்க. லாரி அடுத்த வருஷம் வாங்கலாம். போன வாரம் எங்க வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு சாலை மேஸ்திரி என்கிட்டச் சொன்னாரு, அந்த லாரி இன்னும் ரெண்டு பனிக்காலம் தாங்கும்னு."

கூடம் கூரை எகிறுகிற மாதிரி சிரித்தது. மெரிலின் காது இரண்டும் பீட்ரூட் நிறத்தில். அவன் மெதுவாக எழுந்தான்.

"நான் சொன்னது உண்மைதான். அதுக்கு முன்னாடி ரெண்டு பீர் குடிச்சிருந்தேன். அதையும் குறிப்புல எழுதிக்கங்க."

வாய் ஓட்டில் ஆமும் இல்லையும் சரிசமமாகக் கேட்டன. எழுந்து நின்று எண்ணச் சொன்னார் கான்ஸ்டன்ஸ். 'வேண்டாம்' பக்கம் ஓடெட் நின்றாள். சுற்றிப் பார்த்தால், 'வேண்டும்' பக்கத்தில் மெரிலோடு டார்ஸி பாமராய் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சந்தித்தபோது அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். எங்கள் பால் வண்டி காலையில் மலையிறங்க வேண்டும் மிஸ், நான் என்ன செய்ய என்பதுபோல்.

லாரி ஜெயித்தது. நல்ல வித்தியாசத்தில். ஓடெட் தன் வாழ்நாளின் முதல் சண்டை ஓட்டில் தோற்றுப்போனாள். உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தன. பக்கத்திலிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "உடம்புக்கு என்ன?" என்று கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தோத்துட்டேன்," என்றாள் ஓடெட். "என்னையும் எண்ணித்தான் தோக்கடிச்சாங்க. பார்த்தியா?"

மதியச் சாப்பாட்டில் நீள மேசைகளில் பன்றித் தொடையும், மேப்பிள் பாகில் வெந்த பீன்ஸும், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை'யும். மெரில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பீன்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

"அடுப்படிப் பேச்சு சபைக்கு வரக் கூடாது."

"அப்படி விதி எதுவும் இல்ல. நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்."

"யாருக்கும் தயவு பார்க்கமாட்டேன்னு சபதம் எடுத்தியே, அது என்னைத்தான்னு அப்போ எனக்குத் தெரியல."

"கோவமா?"

மெரில் யோசித்தான். "லாரி கிடைச்சிடுச்சே," என்றான். "தோத்திருந்தா ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். இந்தா, உனக்குப் பிடிச்ச ஓரத் துண்டு." தன் தட்டிலிருந்த ஆப்பிள் பைத் துண்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

பிற்பகலில், பாதிக் கூட்டம் மாடு கறக்கப் போய்விட்ட பிறகு, கடைசியாகச் சில்லறைப் பதவிகள். வேலி பார்ப்பவர் என்று ஒரு பழைய பதவி அந்த ஊரில் இன்னும் இருந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் வேலிக்காகச் சண்டை போட்டால் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர். சம்பளம் இல்லை, நன்றியும் இல்லை. இருந்தவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். "யாராவது முன்வருவீர்களா?" என்றார் கான்ஸ்டன்ஸ். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

ஓடெட் எழுந்துவிட்டாள். மெரில் அவள் ஸ்வெட்டரின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், பலிக்கவில்லை. ஊர்க்குழு அங்கேயே அவளை நியமித்தது.

அந்தப் பதவியில் அவள் இன்றும் இருக்கிறாள். முதல் வழக்கு மே மாதத்தில் வந்தது. ஒருவரின் ஆடுகள் இன்னொருவரின் கீரைப் பாத்தியில் புகுந்துவிட்டன. வேலி யார் பக்கம் சாய்ந்தது என்பதில் தகராறு. பள்ளி விட்டதும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினாள். இரண்டு வீட்டுக்காரர்களும் அவளிடம் படித்தவர்கள்தான். ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நின்று, அரசியல் சட்டத்தின் நாலாவது திருத்தம், அஞ்சாவது திருத்தம் என்று ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆடு வந்து ஓடெட்டின் கோட்டுப் பையை மென்றது. அவள் அதைத் தள்ளாமல், சாய்ந்த கம்பத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தாள்.

"கத்துங்க, பரவால்ல," என்றாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. முதல்ல இந்த ஆணியை யாரு பிடுங்கினது, அதைச் சொல்லுங்க."